உப்புக்காற்றும் வெக்கையும்: திருகோணமலையில் ஃபோல்டிங்குக்கு எந்த மலிவுக் கார்ட் தாங்கும்?

உயிரியல்_டீச்சர் | திருக்கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அமினோ அமிலச் சங்கிலி தானாகவே மடிந்து தன் வடிவத்துக்கு வருவதையும், மடிப்புப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் வருடா வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். "அந்த மடிப்பை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் தேடிப் போன இடத்தில்தான் ஃபோல்டிங் அட் ஹோம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து வீட்டுக் கணினிகளைச் சேர்த்துப் புரதங்களின் அசைவைக் கணித்து வருகிறார்கள். என் அம்மாவுக்கு அல்சைமர் நோய். அந்த நோயோடு தொடர்புள்ள புரதங்களும் அங்கே ஆராயப்படுகின்றன என்று வாசித்த அன்றே சேர்ந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது பாவித்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7020, உயரமான கேஸிங். ஐ5-4590 புரொசெசர், 8 ஜிபி ராம். பவர் சப்ளையில் 290 வாட் என்று எழுதியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் இல்லை. புரொசெசரில் மட்டும் ஓடவிட்டால் வேலை மிக மெதுவாகத்தான் நகர்கிறது.

கொழும்பில் ஒருவர் மூன்று கார்ட் சொல்லியிருக்கிறார், மூன்றுமே பாவித்தவை: ஜிடிஎக்ஸ் 1650, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. கடைசியாகச் சொன்னதுதான் மூன்றிலும் மலிவு. கிரிப்டோ மைனிங்கில் இருந்தது என்று அவரே சொன்னார்.

கணினி இருக்கும் அறை சீட் கூரை. யன்னல் கடல் பக்கம். கச்சான் காற்று வீசும் காலத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்குள் 35 பாகை காட்டும். ஏசி இல்லை, போடும் எண்ணமும் இல்லை. வீட்டில் இப்போது மாதம் 80 யூனிட் அளவில் கரண்ட் போகிறது. இந்த நிலைமையில் எந்தக் கார்டை வாங்கலாம்? எவ்வளவு காலம் தாங்கும்? கணினிக் கடைகளில் கேட்டால் எல்லாரும் கேம் விளையாடுவதற்குத்தான் பதில் சொல்கிறார்கள்.


பாலையூற்று_ஜிபியூ

டீச்சர், யோசிக்காமல் 580ஐ எடுங்கள். 2304 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 8 ஜிபி, நினைவக வேகம் வினாடிக்கு 256 ஜிபி. 1650இல் 896 கோர்தான். நான் ஒரு வருடத்துக்கு மேலாக 580 வைத்திருக்கிறேன். கேஸிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை நேரே பிடித்துவிட்டால் 70 பாகைக்கு மேல் போகாது. மைனிங் கார்ட் என்று பயப்பட வேண்டாம். 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை விட்டதும் சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் இவை, நல்லதாகப் பார்த்து எடுத்தால் போதும்.


படகு_ரேடியோ | உப்புவெளி

டீச்சர், வாட்டைப் பார்த்து வாங்குங்கள். கோர் எண்ணிக்கை அதற்குப் பிறகு.

நான் மீன்பிடிப் படகுகளின் ரேடியோ, ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி எல்லாம் திருத்துகிறவன். பட்டறையின் பின் அறையில் இரண்டு கணினி இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. ஒன்றில் ஃபோல்டிங், மற்றதில் பல்சார் என்ற சுழலும் விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம். முன்பு வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞை தேடும் செட்டி அட் ஹோம் ஓட்டினேன். அதை 2020 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். நாட்டில் ஊரடங்கு போட்டு பதினொரு நாள், படகு திருத்த ஒருவரும் வரவில்லை, கார்ட் சும்மா இருந்தது. அதை அப்படியே கொரோனா வைரஸ் புரதங்களைக் கணிக்க ஃபோல்டிங்குக்குக் கொடுத்தேன். அந்தக் கிழமைகளில் உலகம் முழுக்க வந்து சேர்ந்தவர்களால் ஃபோல்டிங்கின் மொத்த வேகம் எக்ஸாஃபிளாப்பைத் தாண்டியது. வினாடிக்கு 1-க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்ட அளவு கணக்கு. அதில் திருகோணமலையின் பங்கும் இருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபோல்டிங்கில் ஒரு புரதத்தின் அசைவை நீண்ட சங்கிலியாக வெட்டி அனுப்புகிறார்கள். உங்களுக்கு வருகிற துண்டு முடிந்து திரும்பிப் போனால்தான் அதற்கு அடுத்த துண்டை உருவாக்கவே முடியும். நீங்கள் அரைகுறையில் அணைத்துவிட்டால் அந்தச் சங்கிலி உங்கள் மேசையில் காத்துக்கொண்டிருக்கும். கெடு தாண்டினால் வேறொருவருக்கு முதலிலிருந்து போகும். கெதியாகத் திருப்பி அனுப்புகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பதும் இதற்காகத்தான். அந்தக் கூடுதல் புள்ளி வேண்டுமென்றால் அவர்களின் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்து பாஸ்கீ என்ற அடையாளக் குறியீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாஸ்கீயோடு 10 துண்டு முடித்த பிறகுதான் அது தொடங்கும், வாங்கிய துண்டுகளில் 80 சதவீதமாவது ஒழுங்காகத் திரும்பியிருக்கவும் வேண்டும். அதனால் இரண்டு மணிநேரம் பறந்துவிட்டு வெக்கையில் நின்றுபோகிற கார்டைவிட, நடுத்தர வேகத்தில் நிற்காமல் போகிற கார்ட் ஆய்வுக்குப் பிரயோசனம்.

இனி உங்கள் மூன்று கார்டுக்கு வருவோம். ஆர்எக்ஸ் 580 முழு வேகத்தில் 185 வாட் கேட்கும். உங்கள் 290 வாட் சப்ளையில் அதற்கான இணைப்பே கிடையாது. புரொசெசர் தனியாக 84 வாட் வரை போகும். சப்ளையை மாற்றலாம் என்றால், 7020 மதர்போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பு இல்லை. டெல் தன் சொந்த 8 பின் வைத்திருக்கிறது, இடையில் ஒரு அடாப்டர் வயர் போட வேண்டும். செய்ய முடியாத காரியமல்ல. ஆனால் மலிவு என்று வாங்கிய கார்ட் அந்த இடத்திலேயே மலிவாக இருப்பதை விட்டுவிடும். இன்னொன்று, என்விடியா கார்டுகளில் ஃபோல்டிங் 2020 செப்டெம்பரிலிருந்து கூடா (CUDA) என்ற என்விடியாவின் சொந்தக் கணிப்பு முறை வழியாக ஓடுகிறது. பெரும்பாலான வேலைகளில் அது 15 முதல் 30 சதவீதம் வேகம் கூட்டியது. 580 ஏஎம்டி கார்ட், அதற்கு அந்த வழி இல்லை. அதன் தலைமுறைக்கான டிரைவர் மென்பொருளையும் ஏஎம்டி 2023இல் தனிக்கிளையாக ஒதுக்கிவிட்டது. பாலையூற்றுத் தம்பி அதை ஒழுங்காக வைத்திருக்கிறார், அவருடைய கணினிக்கு அது பொருந்தும். டீச்சரின் கணினிக்குப் பொருந்தாது.

1660 சூப்பர் நல்ல கார்ட். 125 வாட், 1408 கோர், நினைவகம் வினாடிக்கு 336 ஜிபி. நான் ஃபோல்டிங்குக்கு வைத்திருப்பது அதுதான். ஆனால் அதற்கும் 8 பின் இணைப்பு வேண்டும், ஆகவே அதே சப்ளைப் பிரச்சினை.

1650க்கு 75 வாட். மதர்போர்டின் ஸ்லொட்டே 75 வாட் வரை கொடுக்கும், தனி வயர் தேவையில்லை. வாங்கும்போது மேல் விளிம்பில் 6 பின் இணைப்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள், சில தயாரிப்புகளில் அது இருக்கிறது. 1650இலேயே இரண்டு வகை உண்டு: ஜிடிடிஆர்5 நினைவகம் என்றால் வினாடிக்கு 128 ஜிபி, ஜிடிடிஆர்6 என்றால் 192. விலை ஒன்றென்றால் இரண்டாவது. 4 ஜிபி போதாதோ என்று யோசிக்க வேண்டாம், ஃபோல்டிங்குக்கு அது தாராளம்.

கொஞ்சம் காசு சேர்க்க முடிந்தால் நான்காவதாக ஒன்றைச் சொல்வேன்: ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி வகை மட்டும். 2024 தொடக்கத்தில் வந்தது. 70 வாட்தான், 2304 கோர், தனி வயர் பெரும்பாலும் வேண்டாம். பெயரைப் பார்த்து 8 ஜிபி வகையை எடுத்துவிடாதீர்கள், அதற்கு 130 வாட். புதிதாக உத்தரவாதத்தோடு கிடைத்தால், ஐந்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இதுதான் கணக்குக்குச் சரி.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று யாராவது தள்ளப் பார்த்தால் வேண்டாம். என்விடியா அந்தத் தலைமுறைக்கான வழக்கமான டிரைவர்களை 2025இல் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு, பழைய கார்டின் பயோஸை (உள்ளே பதித்த மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று காட்டுகிற போலிகளும் உண்டு. எந்தப் பாவித்த கார்டானாலும் காசு கொடுக்க முன்னர் ஜிபியூ-ஸி என்ற இலவச மென்பொருளில் திறந்து காட்டச் சொல்லுங்கள். போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். 580 வாங்குகிறவர்களும் கோர் எண்ணிக்கை 2304 தானா என்று அதில் பார்க்க வேண்டும், 2048 கோர் உள்ள ஒரு வகையும் அதே பெயரில் சுற்றுகிறது.

வெக்கைக்கு வருகிறேன். கார்டின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் கார்ட் ஏற்றிக்கொள்கிற சூடு. அறை 24 பாகையில் இருக்கும் நாட்டில் எழுதிய விமர்சனத்தில் கார்ட் 68 என்று போட்டிருந்தால், உங்கள் 35 பாகை அறையில் அதே கார்ட் ஏறத்தாழ 79. என் 1660 சூப்பர் 125 வாட்டில், 34 பாகை அறையில் 80ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. 85 வாட்டுக்கு இறக்கினேன், 65இல் வந்து நின்றது. ஒரு துண்டு முடிய எடுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடியது. காரணம், சிப் தின்னும் மின்வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் மிகக் கூடுதலான வோல்டேஜ் கொடுக்கப்படுகிறது. அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் வெக்கையில் பெரும்பகுதி போய்விடும்.

விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு கோடு இருக்கும், இடப்பக்கம் இழுத்தால் போதும். லினக்ஸில் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையால் வாட்டை நேரே எழுதலாம். சில 1650கள் வாட்டைக் குறைக்க அவ்வளவு இடம் கொடுக்காது. அப்போது அதே கட்டளையால் கிளாக்கை (சிப்பின் வேகத்தை) ஒரு எல்லையில் பூட்டிவிடலாம், பலன் ஒன்றுதான்.

புரொசெசரில் ஃபோல்டிங் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். என்விடியா கார்டுக்கு வேலை ஊட்ட ஒரு கோர் முழுவதாக வேண்டும், மற்ற மூன்றும் சும்மா இருக்கட்டும். அந்தப் புரொசெசர் ஏற்றுகிற சூட்டுக்கு அது செய்கிற வேலை காணாது.

அறையையும் பாருங்கள். கணினி எடுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். பத்துக்குப் பத்து அடி அறையைப் பூட்டி வைத்து 130 வாட் ஓடினால், சுவரும் கூரையும் ஒன்றும் உறிஞ்சாவிட்டால், உள்ளே உள்ள காற்று ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். சீட் கூரை பகலில் உறிஞ்சவும் செய்யாது, மேலிருந்து கொட்டும். சீலிங் ஃபேன் அந்தச் சூட்டைக் கலக்கிவிடும், வெளியே அனுப்பாது. சுவரில் உயரமாக ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கீழே காற்று வர வழி. கார்டுக்கு ஃபேன் தேட முன்னர் இதைச் செய்யுங்கள்.


உயிரியல்_டீச்சர் | திருக்கடலூர்

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. எக்ஸோஸ்ட் ஃபேன் அடுக்களையில் பழையது ஒன்று கழற்றி வைத்திருக்கிறது, அதைப் போடலாம். 3050 6 ஜிபி விசாரிக்கிறேன்.

இரண்டு கேள்வி. பக்கத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேன் பிடிப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கு அது சரியா? மற்றது, 24 மணிநேரம் ஓட்டினால் பில் என்ன ஆகும் என்று எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பிறகுதான் இதற்கு.


கிண்ணியா_கூரைச்சூரியன்

பில் கணக்கு நான் சொல்கிறேன் டீச்சர். 3050 6 ஜிபி அல்லது 1650 போட்ட அந்த டெல், புரொசெசர் ஃபோல்டிங் இல்லாமல், சுவரில் இருந்து 130 வாட் அளவில் எடுக்கும் என்று வையுங்கள். 24 மணிநேரம், 30 நாள்: ஏறக்குறைய 94 யூனிட். உங்கள் 80ஓடு சேர்ந்தால் 174. வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது தெரியும்தானே. 180ஐத் தாண்டினால் உச்சப் படி. நீங்கள் அதற்குச் சற்றுக் கீழே நிற்பீர்கள், ஒரு மாதம் இஸ்திரிப்பெட்டி கூடப் பிடித்தாலும் தாண்டிவிடும்.

இரவு 10 மணிநேரம் மட்டும் என்றால் 39 யூனிட். 80ஓடு 119. அதுவும் 120இன் விளிம்புதான், ஆனால் ஒரு படி கீழே. பின்னேரம் 6.30 தொடக்கம் 10.30 வரை உச்ச நேரம். சாதாரண வீட்டு மீட்டருக்கு அந்த நேரத்தில் விலை கூடாது, ஆனால் நாடு எண்ணெய் எரித்துச் சமாளிக்கிற நேரம் அது. அதற்குப் பிறகு போடுவது நல்லது. முதலில் சுவரில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி உண்மையான எண்ணைப் பாருங்கள், என் 130 ஒரு மதிப்பீடுதான்.

என் வீட்டுக் கூரையில் சோலார் இருப்பதால் நான் தலைகீழாகச் செய்கிறேன். காலை ஒன்பது மணி தொடக்கம் மூன்று மணி வரை ஐன்ஸ்டைன் அட் ஹோம். அதில் துண்டுகள் ஒன்றையொன்று காத்திருக்காது, கெடு நாள்கணக்கில் இருக்கும், இடையில் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. 2010இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியும் ஜேர்மனியில் ஒருவரும் வீட்டில் ஓட்டிய கணினிகளில்தான் ஐன்ஸ்டைனின் முதல் புதுப் பல்சார் அகப்பட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கரண்டுக்குத் தேவை குறைந்துபோய், கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கச் சொல்லிக் கேட்டார்களே, அந்த நேரம் எனக்கு மனம் கேட்கவில்லை. வெயில் கொட்டுகிற மத்தியானத்தில் வீணாகப் போகிற கரண்டைப் பல்சார் தேடக் கொடுக்கலாம் என்று அன்று நினைத்ததை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். இடி மின்னல் தொடங்கினால் கணினியின் பிளக்கோடு இணைய வயரையும் கழற்றுங்கள். பலர் அந்த வயரை மறந்துவிடுகிறார்கள், மின்னல் அது வழியாகவும் வரும்.


படகு_ரேடியோ | உப்புவெளி

கிண்ணியா நானா சொன்ன கணக்கு சரி. அதோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். ஃபோல்டிங் மென்பொருளில் "ஃபினிஷ்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கையில் உள்ள துண்டை முடித்து அனுப்பிவிட்டு, புதிதாக வாங்காமல் நிற்கும். இரவு மட்டும் ஓட்டுகிறவர்கள் விடிய எழும்பியதும் அதை அழுத்த வேண்டும், சட்டென்று அணைக்கக் கூடாது. பாதித் துண்டு பகல் முழுக்கத் தூங்காமல் இருக்க அதுதான் வழி.

இப்போது மேசை ஃபேன். பாலையூற்று கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கிறது, தம்பிக்கு அது வேலை செய்யும். திருக்கடலூரில் கடல் பக்க யன்னலைத் திறந்து, தகட்டைக் கழற்றி, ஃபேனை நேரே பிடித்தால் கார்டின் மீது உப்பைத் தூவுகிறீர்கள். என் தொழிலில் நான் திறந்து பார்க்கிற கருவிகளில் வெக்கையால் செத்தது மிகக் குறைவு. உப்பால் செத்ததுதான் மேசை நிறைய. சிப்பின் கால்களுக்கு இடையில் பச்சையாகப் பூத்திருக்கும், பாதை அறுந்திருக்கும். வெக்கை கூடினால் கார்ட் தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். உப்புக்கு எதிராக அதனிடம் ஒன்றும் இல்லை.

உப்பு காய்ந்திருக்கும் வரை பெரிய தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். டீச்சருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கரைந்த உப்பு மின்னைக் கடத்தும், செம்பைத் தின்னும். ஓடிக்கொண்டிருக்கும் கார்ட் 60 பாகையில் இருப்பதால் அதன் மேற்பரப்பை ஒட்டிய காற்று காய்ந்துதான் இருக்கும். அணைத்து இரண்டு மணிநேரத்தில் அறையின் ஈரம் அதன் மேல் வந்துவிடும்.

இதனால் நம் ஊருக்கு வருடத்தில் இரண்டு ஒழுங்கு வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருகிறது. சூடு கடுமை, தூசி அதிகம், ஈரம் குறைவு. அப்போது பகலில் நிறுத்தி இரவில் மட்டும் ஓட்டுங்கள். அணைந்திருந்தாலும் கார்டுக்கு ஆபத்துக் குறைவு. வாடை காலத்தில், ஐப்பசி பிற்பாதி தொடக்கம் தை வரை, காற்று நேரே கடலில் இருந்து வருகிறது, மழையும் அதோடு. அறைச் சூடு 26, 27தான். அந்த மாதங்களில் வாட்டை நன்றாகக் குறைத்து 24 மணிநேரமும் ஓட விடுங்கள். ஆய்வுக்கும் அதுதான் நல்லது, கார்டும் காய்ந்தே இருக்கும். இந்த ஊரில் ஃபேன்களைக் கழுவாமல் சாம்பல்தீவிலும் நிலாவெளியிலும் ஒரு வருடத்தில் கார்ட் போனவர்களை எனக்குத் தெரியும். அதே கடற்கரையில் இந்த ஒழுங்கோடு வைத்திருக்கிறவர்களின் கார்ட் இன்னும் ஓடுகிறது.

கணினியைக் கடல் பக்க யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். நிலத்தில் வைக்காமல் ஒரு முழ உயரத்தில். கேஸிங்கை மூடியே வையுங்கள். முன்பக்கம் உள்ளே இழுக்கிற ஒரு ஃபேன் பொருத்தி, அதற்கு முன்னால் மெல்லிய ஃபில்டர் துணி. உள்ளே தள்ளுகிற காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று நுழையாது. அந்தத் துணியை வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்துப் போடுங்கள். கழுவிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு உப்பு நின்றிருக்கிறது என்று விளங்கும்.

கார்டின் ஃபேன்கள் சூடு குறைந்தால் நின்று, கூடினால் சுழலுகிற மாதிரி அமைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 60 சதவீதத்தில் நிலையாகச் சுழல விடுங்கள். உப்புக்காற்றில் அடிக்கடி நின்று நின்று கிளம்புகிற ஃபேன்தான் முதலில் இறுகுகிறது. புளோவர் அடித்துத் தூசி எடுக்கும்போது விரலால் ஃபேனைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும், சுழலும் மோட்டார் தானே மின்னை உண்டாக்கிப் பலகைக்குள்ளும் அனுப்பும். ஃபேன் செத்தாலும் கார்டை எறிய வேண்டாம். விட்டத்தையும் ஆணித் துளைகளின் இடைவெளியையும் அளந்து அதே அளவு ஃபேன் எடுப்பிக்கலாம். வரும் வரைக்கும் கேஸிங் ஃபேன் ஒன்றைக் கேபிள் டையால் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டில்) கட்டிவிடலாம்.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட்டை, பாவித்த கார்ட் என்றால் வாங்கியதுமே மாற்றுங்கள். புதுக் கார்ட் என்றால் உத்தரவாதம் முடியும் வரை திறக்க வேண்டாம். நினைவகத்தின் மேல் உள்ள தெர்மல் பேட்டைத் தொடுவதாக இருந்தால் அதன் தடிப்பை அளந்து அதே தடிப்பில் போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, முந்தியதைவிட மோசமாகிவிடும்.


பாலையூற்று_ஜிபியூ

அண்ணா, கார்டில் படகுக் கருவிகளுக்கு அடிக்கிற அந்தப் பூச்சை அடித்துவிட்டால் உப்புப் பிரச்சினை முடிந்துவிடாதா?


படகு_ரேடியோ | உப்புவெளி

தம்பி, படகுக் கருவிக்கு அது சரி, அதில் கழற்றுகிற மூட்டுகள் குறைவு. கார்டில் தங்கப்பற்கள் (ஸ்லொட்டில் செருகும் விளிம்பு), டிஸ்ப்ளே துளைகள், ஃபேன் சொக்கெட் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். ஒரு துளி உள்ளே போனாலும் தொடர்பு போய்விடும். ஹீட்சிங்க் உட்காரும் இடத்தில் பட்டால் சூடு கடத்தாது. உத்தரவாதமும் போகும். பழகிய கை என்றால் பழைய கார்டில் செய்து பாருங்கள், டீச்சருக்கு நான் சொல்ல மாட்டேன்.


உயிரியல்_டீச்சர் | திருக்கடலூர்

3050 6 ஜிபி, புதியது, சொல்லிவிட்டேன். இரவு புகையிரதத்தில் வருகிற உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். கணினியை எதிர்ச் சுவருக்கு மாற்றியாயிற்று. எக்ஸோஸ்ட் ஃபேனுக்குத் துளை போட நாளைக்கு மேசன் வருகிறார். கரண்ட் கணக்குப் பார்த்து, வாடையில் முழு நாள், கச்சானில் இரவு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். கிண்ணியா சகோதரர் சொன்னபடி 180ஐத் தாண்டுகிறதா என்று முதல் மாதம் கவனிப்பேன்.

ஒன்று மட்டும். மார்கழி விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போவோம். வாடை நேரம், வீடு பூட்டியிருக்கும். ஓட விட்டுப் போவதா, அணைப்பதா?


படகு_ரேடியோ | உப்புவெளி

ஆளில்லாத வீட்டில் ஓட விட்டுப் போகாதீர்கள் டீச்சர். எந்த ஆய்வும் அந்த ஆபத்துக்குப் பெறாது.

வெளிக்கிட முன்னர் ஃபினிஷ் அழுத்தித் துண்டு போய்ச் சேரும் வரை பொறுங்கள். முடிந்ததும் அணைத்து, பிளக்கைக் கழற்றி, கார்ட் கையில் பிடிக்கக் கூடிய சூட்டுக்கு வந்தவுடன், இளஞ்சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அப்போதுதான் அதில் ஈரம் ஏறியிருக்காது. வந்த பையிலேயே போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பழைய பொட்டலம் என்றால் முதலில் ஓவனில் 120 பாகையில் காய வைக்க வேண்டும், பொட்டலத்தின் உறை அந்தச் சூட்டைத் தாங்காவிட்டால் மணிகளைத் தட்டில் கொட்டிக் காய வையுங்கள். கணினிக்கு ஒரு சீலையால் மூடினால் போதும், அது பழுதானாலும் பெரிய நட்டமில்லை.

திரும்பி வந்ததும் பெட்டியைத் திறக்க முன்னர் அறையை ஒரு பகல் காற்றாட விடுங்கள். தங்கப்பற்களை ஐசோபுரொபைல் தொட்ட துணியால் துடைத்து, ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கம் இல்லையென்றால் செருகுங்கள். பாஸ்கீ மாறாது, புள்ளிகள் விட்ட இடத்திலேயே இருக்கும். முதல் துண்டு ஓடும்போது ஒரு மணிநேரம் பக்கத்தில் இருந்து சூட்டைப் பாருங்கள். மார்கழியில் அறை 27 என்றால், குறைத்த வாட்டில் கார்ட் 60ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இங்கே எழுதுங்கள், உப்புவெளியில் இருந்து திருக்கடலூருக்கு எனக்குக் கொஞ்சத் தூரம்தான்.